“அண்ணே, கேட்டா சிரிக்கக் கூடாது”: மருந்து அடிக்கப் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் 17 வருஷமாக வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கிறேன். உள்ளே நுழைந்ததும் ரேட் கேட்பார்கள், வாடை எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பார்கள். வேலை முடிந்து கை கழுவி, டீ வந்த பிறகுதான் மனதில் கிடக்கிற கேள்வி வெளியே வரும். அதுவும் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, கேட்டா சிரிக்கக் கூடாது” என்ற பீடிகையோடு. தில்லைநகர் அபார்ட்மென்ட் ஆனாலும் ஸ்ரீரங்கத்து ஓட்டு வீடு ஆனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். பூச்சி, மருந்து பற்றிய பதில்கள் என் தொழிலில் தெரிந்துகொண்டவை. மூளை, மனசு பற்றியவற்றை உளவியல் படித்த என் அக்கா மகள் திருத்திக் கொடுத்தாள். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“கரப்பானைப் பார்த்தா என்னை அறியாம கத்திடறேன். 52 வயசு ஆகுது. இது ஏதாவது வியாதியா?”

இல்லை. திடுக்கிடுவது தும்மல் மாதிரி. யோசித்து முடிவெடுத்து யாரும் தும்முவதில்லை. கண் மூடும், தோள் மேலே ஏறும், கழுத்து சுருங்கும், முழங்கை மடங்கும், எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். லேண்டிஸ், ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் ஆட்களை வேகமான கேமராவில் படம்பிடித்து, இந்த வரிசையை 1939-இல் விவரமாக எழுதினார்கள். சத்தம் பழகப் பழக மற்ற அசைவெல்லாம் குறைந்தது. கண் சிமிட்டுவது மட்டும் நிற்கவே இல்லை.

பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினே இதில் தோற்றவர். லண்டன் மிருகக்காட்சிசாலையில் தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆப்பிரிக்க விரியன். அது கொத்த வந்தால் அசையக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றாராம். பாம்பு கொத்த வந்ததும் ஓரிரு கெஜம் பின்னால் குதித்துவிட்டார். கண்ணாடி இருப்பது தெரியும், ஆபத்து இல்லை என்பதும் தெரியும். 1872-இல் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பாத்ரூம் விளக்கைப் போட்டதும் மீசையை ஆட்டிக்கொண்டு ஒன்று நின்றால் நீங்கள் கத்தாமல் என்ன செய்வீர்கள்?

கத்தி முடித்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்வது அட்ரினலின் வேலை. சில நிமிஷம் ஆகும் அடங்க. அதுவரை யார் எந்த நியாயம் சொன்னாலும் காதில் ஏறாது.

“பயமே இல்லண்ணே. ஆனா பார்த்தா குமட்டுது. ரெண்டும் ஒண்ணா?”

வேறு வேறு. பயத்தில் ஓடத் தோன்றும், அருவருப்பில் வயிறு புரளும். கரப்பானிடம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்திருக்கும், ஆளுக்கு ஆள் பங்கு மாறும். பாம்பைக் கண்டு பயப்படுகிறவர் அதைத் தொட்ட கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவ மாட்டார். கரப்பான் ஏறிய டம்ளரை மட்டும் மூன்று தடவை கழுவியும் பரணில் தூக்கிப் போட்டுவிடுவோம்.

அமெரிக்காவில் பால் ரோசின் என்ற உளவியலாளர் 1986-இல் இதைச் சோதித்தார். கிருமி நீக்கிய செத்த கரப்பானை ஜூஸில் லேசாக முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார். சுத்தமானது என்று சொல்லியும் மனசு ஒப்பவில்லை. கிருமி போனாலும் ‘பட்டது பட்டதுதான்’ என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. எச்சில், தீட்டு என்று நாம் புழங்குகிற கணக்கும் இந்த வகைதான். அருவருப்பு அதிகமுள்ளவருக்கு “அது கடிக்காது” என்று நூறு தடவை சொன்னாலும் பயன் இல்லை. கடிக்கும் என்று அவர் சொல்லவே இல்லையே.

“நாலு பக்கமும் இடம் இருக்கு. அது ஏன் என் மேலயே வருது?”

உங்களைத் தேடி வரவில்லை. கரப்பானின் பின்பக்கம் இரண்டு சிறிய கொம்பு மாதிரி இருக்கும். அதில் உள்ள மெல்லிய முடிகள் காற்றசைவைப் பிடிக்கும். நீங்கள் செருப்பை ஓங்கினால், செருப்புக்கு முன்னால் அது தள்ளும் காற்று போய்ச் சேர்ந்துவிடும். உடனே கிளம்பிவிடும். அதற்கு வேண்டியது இருட்டான சந்து. வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூமில் அப்படி இருப்பது உங்கள் கால், புடவை மடிப்பு, வாளியின் அடி, அவ்வளவுதான்.

வேகமும் ஒரு காரணம். பெரிய பழுப்புக் கரப்பான் ஒரு விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வரை ஓடும் என்று கலிபோர்னியாவில் 1991-இல் அளந்திருக்கிறார்கள். உச்ச வேகத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னங்கால் இரண்டில் ஓடுகிறதாம். அந்த வேகத்தில் எந்தப் பக்கம் வந்தாலும் நம் பக்கம் வருகிற மாதிரிதான் தெரியும்.

“எல்லாக் கரப்பானும் பறக்குமா?”

சமையலறை அலமாரியிலும் மிக்ஸிக்கு அடியிலும் இருக்கிற சின்ன இனம் இறக்கை இருந்தும் பறப்பதே அபூர்வம். சாக்கடையில் இருந்து வரும் பெரியதுக்கு வளர்ந்த பிறகு பறக்க முடியும், புழுக்கமான ராத்திரியில் அதிகம். ஆனால் மைனா மாதிரி பறப்பதில்லை. உயரத்தில் இருந்து சறுக்கி இறங்குகிற மாதிரி. குறி பார்த்து இறங்கத் தெரியாததால்தான் தலையில் வந்து உட்காருகிறது.

“பல்லி தோள்ல விழுந்துச்சு. தலைக்குக் குளிச்சிட்டேன், விளக்கும் ஏத்திட்டேன். இன்னும் மனசு சரியில்ல.”

வலது தோளா இடது தோளா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் பலனுக்குள் போகவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டு வருகிற ஊர்க்காரர்கள் நாம். நம்பிக்கை உள்ளவருக்கு அந்தக் குளியலும் விளக்கும் ஒரு முடிவு தருகிறது. ‘செய்ய வேண்டியதைச் செய்தாச்சு’ என்று அங்கே நிற்க முடிந்தால் நல்லது.

பல்லி ஏன் விழுகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் லேசாகும். அதன் விரலடியில் பசை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்முடிகள் சுவரோடு மிக நெருங்கிப் படிவதால் உண்டாகும் ஈர்ப்பில்தான் தொங்குகிறது. தூசி, ஈரம், உரிந்த சுண்ணாம்பு இருந்தால் பிடி வழுக்கும். ட்யூப்லைட் பக்கத்தில் ஒரு பூச்சிக்கு இரண்டு பல்லி சண்டை போட்டால் ஒன்று கீழே வரத்தான் செய்யும். அடியில் நீங்கள் நின்றது தற்செயல். (பல்லி விஷயத்தில் எனக்கும் ஒரு கதை உண்டு. கடைசியில் சொல்கிறேன்.)

“சாப்பாட்டுல பல்லி விழுந்தா விஷமாமே?”

நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது வாந்தி, வயிற்றுப்போக்கு கொடுக்கும். அதனால் விழுந்த சாம்பாரைக் கொட்டிவிடுங்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் அலற வேண்டாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலும் டாக்டரும்.

பந்தியில் நூறு பேர் சாப்பிட்ட பிறகு சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஒருவர் சொன்னால், கேட்ட மாத்திரத்தில் பாதிப் பேருக்குக் குமட்டும். நடிப்பு என்று நினைக்காதீர்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன ஜூஸ் கதைதான் இது.

“அப்போ எதுக்குத்தான் நிஜமா பயப்படணும்? பட்டியல் கொடுங்க.”

முதலில் செந்தேள். அதன் அறிவியல் பெயரிலேயே ‘தமுலஸ்’ என்று நம் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கு உயிராபத்து. கொட்டிய பிறகு வலியோடு வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் ஜில்லிடுவது, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. வேர்வை வழியும் வரை மந்திரிக்கிற இடத்தில் காத்திருக்காதீர்கள். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரையைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவது, விறகை வெறுங்கையால் அள்ளாமல் இருப்பது எல்லாம் நியாயமான பயம். விடாதீர்கள்.

அடுத்தது தேனீ, குளவி. ஒன்றிரண்டு கொட்டினால் வீங்கி அடங்கும். ஆனால் முகம், நாக்கு வீங்கி மூச்சு அடைத்தால் அது ஒவ்வாமை, நேராக ஆஸ்பத்திரி. ஜன்னல் ஓரத்தில் மண் கூடு கட்டுகிறதே, அந்தத் தனிக் குளவி சும்மா இருந்தால் கொட்டாது. அதன் கூட்டை உடைத்தால் உள்ளே மயக்கி அடைத்த சிலந்திகள் இருக்கும், குட்டிக்குச் சாப்பாடு. “கூடு கட்டினா வீட்டுல விசேஷம்” என்று பாட்டிகள் சொல்வதால் பல வீட்டில் என்னைத் தொடவே விடுவதில்லை.

பூரான் கடித்தால் நன்றாக வலிக்கும், வீங்கும், பெரும்பாலும் அதோடு சரி. மரவட்டை கடிக்கவே கடிக்காது. சீண்டினால் ஒரு நீர் விடும், அது தோலில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டியிருக்கும் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்து அலறாத வீடு கிடையாது. சில சமயம் வயிற்றடியில் வெள்ளைப் பொத்தான் மாதிரி முட்டைப்பையைச் சுமந்துகொண்டிருக்கும். அது வலை கட்டாது, கரப்பானைப் பிடித்துத் தின்னும். தொழில்முறையில் அது எனக்குப் போட்டி. இருந்தாலும் சொல்கிறேன், விட்டுவிடுங்கள்.

“எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்கு அடிச்சு எனக்குக் கொப்புளம் வந்துச்சே, அது மட்டும் பொய்யா?”

கொப்புளம் நிஜம், குற்றவாளி வேறு. மழைக்காலத்தில், வயல் பக்கத்து வீடுகளில், விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வண்டு வரும். எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். கடிக்காது. கழுத்தில் ஊர்கிறதே என்று தேய்த்து நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்டு, மறுநாள் கோடு போட்ட மாதிரி வெந்து கொப்புளிக்கும். எல்லோரும் பக்கத்துச் சுவரில் இருந்த சிலந்தியைக் கைகாட்டுவார்கள். அந்த வண்டை ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் கூட்டமாக வந்தால் அது அக்கியாக இருக்கலாம். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து எழுந்து வருவது. குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரையும் பாருங்கள். அதற்கான மாத்திரை சீக்கிரம் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

“காதுக்குள்ள பூச்சி போயிடும்னு பஞ்சு வெச்சுத் தூங்கறேன். சரியா?”

போவது உண்டு, ஆனால் அபூர்வம். தரையில் படுத்து, பக்கத்தில் மிக்சர் தட்டு கிடந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுங்கள், பஞ்சு வேண்டாம். அப்படியே போய்விட்டால் பட்ஸ், ஊக்கு எதையும் விடாதீர்கள். அந்தக் காது மேலே வரும்படி சாய்ந்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கிவிடும். அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்ளலாம். காதில் சீழ், சவ்வில் ஓட்டை இருப்பவர்கள் எண்ணெய் விடாமல் நேராகப் போக வேண்டும்.

“ஒண்ணு கண்ணுல பட்டா உள்ள நூறு இருக்கும்னு சொல்றாங்களே. அதை நினைச்சாலே தூக்கம் வரல.”

எந்த இனம் என்று பாருங்கள். விரல் நீளத்துக்குப் பெரியது ஒன்று ராத்திரி பாத்ரூமில் தெரிந்தால், சாக்கடைக் குழாய் வழியாக வந்த தனி ஆளாக இருக்கலாம். ஜாலி மூடியை மாற்றினாலே பாதி தீரும். சமையலறையில் பகலிலேயே சின்னது தெரிந்தால் நூறு என்பது நிஜம்தான். அதன் ஒரு முட்டைப்பையில் 30, 40 முட்டை இருக்கும், பொரிக்கிற வரை தாயே வயிற்றோடு தூக்கிக்கொண்டு திரியும். பெரியதன் பை வறுத்த தட்டப்பயறு மாதிரி அலமாரி மூலையில் ஒட்டியிருக்கும், அதில் சுமார் 15.

ஸ்ப்ரே அடித்தால் கண்முன்னே துடித்துச் சாவதால் திருப்தியாக இருக்கும். உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும். கடுகளவு ஜெல்லைக் கீல், சிங்க் அடி, பிரிட்ஜ் ரப்பர் ஓரத்தில் வைத்தால் தின்றது உள்ளே போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்ற மற்றதும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்துவிட்டு “உங்க மருந்து வேலை செய்யல” என்று போன் போடாதீர்கள், வாடைக்கு அது பக்கத்திலேயே வராது. இன்னொன்று, அடுப்பு எரியும்போது ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அது பற்றிக்கொள்ளும். பயத்தில் கை நடுங்கிக்கொண்டு அடிக்கிறவர்கள்தான் இதை மறக்கிறார்கள்.

மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் கரப்பானை ஒழிப்பதற்கு அருவருப்பைத் தாண்டிய காரணம் உண்டு. அதன் எச்சமும் உரிந்த தோலும் பொடியாகிக் காற்றில் கலந்து ஆஸ்துமாவைக் கிளப்பும்.

“பூச்சியெல்லாம் போயிடுச்சு. ஆனா ராத்திரி உடம்புல ஏதோ ஊர்ற மாதிரியே இருக்கு.”

இதைப் படிக்கும்போதே பிடரியைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். தோலில் எந்நேரமும் முடி அசையும், நூல் உரசும், வேர்வை வழியும். சாதாரணமாக மூளை அதைக் கண்டுகொள்ளாது. காலையில் ஒரு கரப்பான் காலில் ஏறியிருந்தால் அன்று ராத்திரி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும். இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும்.

அடங்காமல் அரிப்பும் தடிப்பும் இருந்தால் முதலில் நான் பார்ப்பது மூன்று இடம்: மெத்தைத் தையல் மடிப்பில் மூட்டைப்பூச்சி, விரலிடுக்கில் சிரங்கு, ஏசி பெட்டிமேல் புறாக் கூடு. புறா பறந்துபோன பிறகு அதன் கூட்டில் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் அறைக்குள் வந்து மனிதரைக் கடிக்கும். கூட்டை எடுத்தவுடன் “மருந்து சூப்பர்” என்று பெயர் வாங்கியிருக்கிறேன், மருந்தே அடிக்காமல்.

மூன்றும் இல்லாவிட்டால்? ஒரு வீட்டுக்கு நாலு மாதத்தில் மூன்று தடவை போனேன். ஓய்வுபெற்ற மனிதர், நல்ல படிப்பு, தெளிவான பேச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டுவார். “இதுதான் தம்பி அது. நேத்து ராத்திரி தோள்ல இருந்து எடுத்தேன்.” லென்ஸ் வைத்துப் பார்த்தால் துண்டு நூல், தோல் செதில், கொஞ்சம் தவிட்டுத் தூள். முதல் இரண்டு தடவை அவர் மனம் நோகக் கூடாதே என்று மருந்து அடித்துவிட்டு வந்தேன். அது தப்பு. நான் அடித்த ஒவ்வொரு தடவையும் ‘பூச்சி இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு அக்கா மகள்தான் சொன்னாள், டாக்டர்கள் இதைத் ‘தீப்பெட்டி அடையாளம்’ என்றே சொல்வார்களாம். மூன்றாவது தடவை காசு வாங்காமல் சொன்னேன்: “ஐயா, உங்க அரிப்பு நிஜம். என் கண்ணுக்குப் பூச்சி கிடைக்கல. தோல் டாக்டர்கிட்ட இந்தப் பெட்டியையே எடுத்துட்டுப் போங்க.” தோல் டாக்டர் அவரை மனநல டாக்டரிடம் அனுப்பி, மாத்திரையில் அரிப்பு குறைந்ததாக அவர் மகள் போனில் சொன்னாள். “உனக்கு மனப்பிராந்தி” என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்ததே பெரிய உதவி.

“என் பையனுக்கு என்னைப் பார்த்துத்தான் பயம் வந்துச்சா?”

கொஞ்சம், ஆமாம். 1980-களில் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் குரங்குகளை வைத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவற்றுக்குப் பாம்பு பயம் இல்லை. பாம்பைக் கண்டு மிரளும் காட்டுக் குரங்கு ஒன்றைப் பார்க்க வைத்ததும் இவையும் மிரள ஆரம்பித்தன. வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து மிரளுவதாகக் காட்டினால்? பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. சில பயங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ள மனசில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒட்டவைப்பது பக்கத்தில் இருப்பவர் முகம்.

நம் பேச்சிலேயே பாருங்கள், மிரட்டுவதற்குப் பேர் ‘பூச்சி காட்டுவது’. சாப்பிடாத பிள்ளைக்கு “பூச்சாண்டி வர்றான்” என்று சோறு ஊட்டியவர்கள்தான் நாம் எல்லோரும். கத்துவதை உங்களால் நிறுத்த முடியாது, முதல் கேள்வியில் சொன்னேன். கத்திய அடுத்த நிமிஷம் உங்கள் கையில் இருக்கிறது. “அம்மா திடுக்கிட்டுட்டேன். வா, முறத்தையும் துடைப்பத்தையும் எடு, வெளிய தள்ளலாம்” என்று நடுங்கிய குரலிலேயே சொன்னால் போதும். பிள்ளை அதையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

“பயம் போகணும்னு எங்க வீட்டுக்காரர் மீசையைப் பிடிச்சுத் தூக்கி என் முகத்துக்கிட்ட நீட்டறார். அது சரியான வைத்தியமா?”

இல்லை. அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நெருங்கிப் பழகினால் பயம் குறையும் என்பது சரி. ஆனால் எவ்வளவு நெருங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பயப்படுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மா, முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தையை இப்படித்தான் மாற்றினார். குழந்தை தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது, அறையின் அந்தக் கோடியில் கூண்டில் முயல். சாப்பாடு நிற்காத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தடவிக்கொடுத்தது.

கரப்பானுக்கு நான் சொல்லும் படிகள்: முதலில் படம். அடுத்து மூடி இறுக்கிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் செத்தது ஒன்று, அறையின் கோடியில். பிறகு மேஜைமேல். பிறகு உயிரோடு ஒன்று, அதே பாட்டிலில். ஒவ்வொரு படியிலும் படபடப்பு உச்சத்துக்குப் போகும், அப்போது ஓடக் கூடாது. உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும், இறங்கிய பிறகு எழுந்து போகலாம். உச்சத்தில் ஓடினால் ‘ஓடியதால் பிழைத்தேன்’ என்று மனசு எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு தில்லைநகர் அம்மா, இருபது நாளில் பாட்டில் வரை வந்தார். கையில் தொடுவது அவருக்குத் தேவைப்படவில்லை, எனக்கும் கையுறை இல்லாமல் தொடப் பிடிக்காது. சுவீடனில் லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் இதே வழியை ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கும் முறையை 1989-இல் எழுதினார். அது பயிற்சி பெற்றவரோடு செய்ய வேண்டியது, வீட்டுக்காரரோடு அல்ல.

“பூச்சி பரவால்லண்ணே. பூட்டிட்டு வந்தேனா, கேஸை மூடினேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கறேன்.”

நீங்கள் மட்டும் இல்லை. லைட்டை அணைத்ததும் மாடிப்படியில் ஓடுகிறவர், மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதவர் என்று வீட்டுக்கு ஒருவர் உண்டு. மின்விசிறிக்கு வழி எளிது. எலக்ட்ரீஷியனை ஏற்றிக் கொக்கியையும் பின்னையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஓட்டம் யாருக்கும் கெடுதல் இல்லை, வழுக்காமல் ஓடுங்கள்.

கேஸ் விஷயம் கொஞ்சம் குயுக்தியானது. 2003-இல் ஹாலந்தில் வான் டென் ஹௌட்டும் கிண்ட்டும் கம்ப்யூட்டரில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து ஆட்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். சரிபார்க்கச் சரிபார்க்க, கடைசியாக மூடியது மனதில் மங்கித்தான் போனது, நம்பிக்கையும் குறைந்தது. ஆகவே ஒரே தடவை, கவனமாக. குமிழைத் திருப்பும்போது “வெள்ளிக்கிழமை, சிலிண்டர் மூடியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாப்பில் சந்தேகம் வந்தால் அந்தக் குரல் நினைவுக்கு வரும்.

“எப்போ டாக்டர்கிட்ட போகணும்?”

கத்துவதற்காகப் போக வேண்டாம். பயத்தினால் வாழ்க்கை சுருங்கினால் போக வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியவர், அம்மா வீட்டில் பல்லி என்று மூன்று வருஷமாக ஊருக்கே போகாதவர், இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இப்படி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல சிகிச்சையும் வைத்திருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலிமானஸ் எண், 2022-இல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

ஊசி, ரத்தம் பார்த்து மயங்குகிறவர்கள் தனி ரகம். மற்றப் பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும், இதில் சடாரென்று இறங்குவதால்தான் மயக்கம். அவர்களிடம் “ரிலாக்ஸ் பண்ணு” என்று சொல்லக் கூடாது. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

“பொம்பளைங்களுக்குத்தானே இந்தப் பயமெல்லாம்?”

என் போனைக் கேட்டால் தெரியும். பெண்கள் பகலில் கூப்பிட்டு நேராகச் சொல்வார்கள். ஆண்கள் ராத்திரி பத்து மணிக்குக் கிசுகிசுத்து, “மிஸஸ் பயப்படறாங்க, நாளைக்கே வர முடியுமா” என்பார்கள். போனால் அந்த அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

“உங்களுக்குப் பயமே கிடையாதா அண்ணே?”

பல்லி. உறையூரில் ஒரு வீட்டில் பரணுக்கு மருந்து அடிக்க ஏணியில் ஏறியிருந்தேன். பழைய வெண்கல அண்டாவை நகர்த்தியதும் ஒரு பல்லி என் சட்டைக் காலருக்குள் விழுந்து, முதுகில் இறங்கியது. நான் கத்திய கத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. சட்டையைக் கழற்றி உதறினால் பல்லி ஓடிவிட்டது, வால் மட்டும் தரையில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினேன்.

கரப்பானுக்காக என்னைக் கூப்பிட்ட அந்த வீட்டு அம்மாதான் துடைப்பத்தால் வாலைத் தள்ளிவிட்டு, பரணில் ஏறிப் பார்த்து, “இன்னொண்ணு இருந்துச்சு தம்பி, விரட்டிட்டேன்” என்றார். அதே நேரம் அண்டாவில் இருந்து ஒரு கரப்பான் பறந்தது. இப்போது அவர் கத்தினார், நான் பிடித்தேன். ரேட்டில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன். இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார். நான் கேனை இறக்கி வைப்பதற்குள் உள்ளே இருந்து குரல் வரும்: “பரண்ல பார்த்துட்டேன் தம்பி. பல்லி இல்ல, ஏறு.”